குழந்தைகள் வார்டில் தன்னார்வலராகப் போக ஆசை, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க

கீரணத்தம் பொண்ணு:

வணக்கம். கோயம்புத்தூரில் ஐடி வேலை. வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், மீதி வீட்டிலிருந்து. சனிக்கிழமை தூங்கியே போகிறது.

போன மாதம் அக்கா பையனுக்கு டெங்கு என்று நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அவன் தேறிவிட்டான். பக்கத்துக் கட்டிலில் தாளவாடிப் பாப்பா ஒன்று, ஐந்து வயது இருக்கும். கையில் ட்ரிப்ஸ் லைன். கொஞ்சம் அசந்தால் பிடுங்கிவிடுவாளாம். அதற்குப் பயந்தே அவள் அம்மா இரண்டு நாளாகக் குளிக்கவில்லை. 'நான் பார்த்துக்கறேங்க, போயிட்டு வாங்க' என்று சொல்லி இருபது நிமிஷம் போனில் யானை வீடியோ காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அக்கா ஈரத் தலையோடு ஓடி வந்தார். வேறு எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த இருபது நிமிஷம் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஏதாவது ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு நாள் இப்படிப் போய் உட்கார முடியுமா? யாரைக் கேட்கவேண்டும்? பொம்மை, சாக்லேட் வாங்கிப் போகலாமா? என் பிறந்தநாள் அடுத்த மாதம், அங்கேயே கேக் வெட்டலாம் என்று ஒரு யோசனை. இன்னொன்று, எனக்கு சட்டென்று அழுகை வந்துவிடும். இந்த வேலைக்கு நான் லாயக்கா?

---

நைட் டூட்டி:

குழந்தைகள் வார்டில் 11 வருஷமாக நர்ஸ். நல்ல மனசோடு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற பாவம் எங்கள் தலையில்தான் விழும். அதனால் முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.

கேக் வேண்டாம், சாக்லேட் வேண்டாம், பஞ்சு பொம்மை வேண்டவே வேண்டாம். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து போகிற குழந்தைக்கு வெள்ளை அணு ரொம்பக் குறைந்துபோகும் நாட்கள் உண்டு. 'கவுண்ட் இறங்கிடுச்சு' என்போம். அந்த நாட்களில் உங்களுக்குச் சாதாரண சளி, அவனுக்குக் காய்ச்சலாகி ஆன்டிபயாடிக் ட்ரிப்ஸ் வரை போய்விடும். பஞ்சு பொம்மையைத் துடைக்க முடியாது. பிளாஸ்டிக் என்றால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடலாம்.

தலையில் பூ வைத்துக்கொண்டு வராதீர்கள். மல்லிகையை வெளியே எடுத்துவைக்கச் சொன்னால் நிறையப் பேர் முகம் சுருங்கிவிடுகிறது. பூவிலும் மண்ணிலும் பூஞ்சை இருக்கும் என்பதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. வளையல், மோதிரம், வாட்ச் கழற்றிவிட வேண்டும். சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி, கையில் தேய்க்கும் மருந்து என்றால் 20 முதல் 30 விநாடி. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போது மறுபடியும்.

முக்கியமானது அம்மை. பங்குனி சித்திரையில் நம் பக்கத்தில் வீட்டில் அம்மை போட்டால் வேப்பிலை செருகிவிட்டு வெளியே பேசமாட்டார்கள். சாமி காரியம், எனக்கும் புரிகிறது. ஆனால் வார்டுக்கு வருகிறவர் மறைக்கக் கூடாது. சின்னம்மை தொற்றினால் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே அடுத்தவருக்குப் பரவும். உங்களுக்கு முன்பு வந்ததில்லை, தடுப்பூசியும் போட்டதில்லை என்றால், அம்மை வீட்டுக்குப் போய்வந்த பிறகு மூன்று வாரம் வார்டுப் பக்கம் வரவேண்டாம். போனில் சொன்னால் போதும், நாங்கள் கோவித்துக்கொள்ள மாட்டோம்.

போனைப் பையிலேயே வைத்திருங்கள். படம் கூடவே கூடாது.

அழுகையைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும். எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

---

டிக்கெட் டிக்கெட்:

அம்மிணி, சிஸ்டர் எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டு இதற்கு வாங்க.

நான் அரசு பஸ்ஸில் 29 வருஷம் கண்டக்டர். அதில் பாதிக்கு மேல் கோயம்புத்தூர் - சத்தி (சத்தியமங்கலம்) ரூட். 2019ல் 58 முடிந்து வீட்டுக்கு வந்தேன். பத்தே நாளில் வீட்டம்மா 'எங்காச்சும் போயிட்டு சாயங்காலமா வாங்க' என்று சொல்லிவிட்டார். சமையல் உள்ளில் நின்றுகொண்டு 'கொஞ்சம் நகருங்க, வழி விடுங்க' என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? அப்படிப் போய்ச் சேர்ந்த இடம் ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு. பேர் வேண்டாம். செவ்வாயும் சனியும் மத்தியானம் 3 மணி முதல் 5 மணி வரை. கொரோனா சமயத்தில் வெளியாள் யாரையும் விடவில்லை. 2022லிருந்து மறுபடியும் போகிறேன்.

யாரைக் கேட்பது என்றால், தனியார் பெரிய ஆஸ்பத்திரிகளில் மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர் என்று ஒருவர் இருப்பார். அவர் இல்லாவிட்டால் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்). அரசு ஆஸ்பத்திரி என்றால் டீன் ஆபீஸ், இல்லாவிட்டால் ஆர்.எம்.ஓ. (உறைவிட மருத்துவ அலுவலர்). எனக்கு ஆதார் நகல், போட்டோ, டாக்டர் சர்டிபிகேட், போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் கேட்டார்கள். ஆறு வாரம் இழுத்தது. என்னோடு விண்ணப்பம் கொடுத்த ஒருத்தர் 'நல்லது பண்ண வர்றவனுக்கு போலீஸ் சர்டிபிகேட்டா' என்று கோவித்துக்கொண்டு போய்விட்டார். கூட்டத்தில் குழந்தைகள் பக்கம் யார் கை எப்படி நீளும் என்று 29 வருஷம் பார்த்தவன் நான். சர்டிபிகேட் கேட்காத இடமாக இருந்திருந்தால் எனக்குத்தான் சந்தேகம் வந்திருக்கும். போன பிறகும் அப்படியே. திரை இழுத்த கட்டிலுக்குள் குழந்தையோடு தனியாக இருக்கவே மாட்டேன். அம்மாவோ சிஸ்டரோ கண்ணில் படும் இடத்தில்தான் ஸ்டூல்.

முதல் நாள் என்ன செய்தேன் தெரியுமா? முந்நூறு ரூபாய்க்குக் கலர் புத்தகம் வாங்கிக்கொண்டு போனேன். ஏழு வயதுப் பையன் ஒருவன், தலையில் ஒரு முடி இல்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். புத்தகம் நீட்டினேன், திரும்பவில்லை. காசு மறைக்கும் வித்தை காட்டினேன், திரும்பவில்லை. சரி, நமக்கு ஆகாது என்று கிளம்பினேன். வாசலில் திருவிழாக் கூட்டம் மாதிரி ஒரம்பரை (சொந்தக்காரர்கள்) நாலைந்து பேர் வழியை மறித்து நிற்க, பின்னால் ஸ்ட்ரெச்சர். என் வாய் சும்மா இருக்குமா? 'உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க' என்று போட்டேன் ஒரு சத்தம்.

கட்டிலிலிருந்து ஒரு குரல். 'நீங்க கண்டக்டருங்களா?'

'ஆமாங்க சார். எங்க போகணும்?'

'பண்ணாரி.'

நாளிதழ் ஓரத்தைக் கிழித்து டிக்கெட் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, 'இல்ல, நான்தான் கண்டக்டர், நீங்க டிக்கெட் எடுங்க' என்றான். அன்றைக்கு வேலை போனவன்தான், இன்று வரை நான் வெறும் பயணி.

இப்போது எங்கள் வார்டில் எட்டுக் கட்டில். 1 காந்திபுரம், 2 கணபதி, 3 சரவணம்பட்டி, 4 கோவில்பாளையம், 5 அன்னூர், 6 புளியம்பட்டி, 7 சத்தி, 8 பண்ணாரி. ட்ரிப்ஸ் ஸ்டாண்டுதான் பிடித்துக்கொள்ளும் கம்பி. டிக்கெட் பேத்தியின் கலர் பேப்பரில் நானே வெட்டியது. (டிப்போ டிக்கெட்டெல்லாம் ஒன்று விடாமல் கணக்குக் கொடுத்துத்தான் வந்தேன், யாரும் சந்தேகப்பட வேண்டாம்.) ஒரு கட்டிலின் டிக்கெட் கட்டு இன்னொரு கட்டிலுக்குப் போகக் கூடாது என்பது சிஸ்டர் உத்தரவு. ஆளுக்கொரு கட்டு, அவரவர் கவரில். விசிலுக்கும் அனுமதி இல்லை, எச்சில் படும். கட்டில் கம்பியில் தட்டுவதுதான். ஒரு தட்டு என்றால் நிற்கணும், இரண்டு தட்டு என்றால் போலாம். ரவுண்ட்ஸ் வருகிற பெரிய டாக்டர்தான் செக்கிங். அவர் வந்தால் டிக்கெட் எடுக்காத நான் கட்டிலுக்கடியில் ஒளிய வேண்டும். முழங்கால் வலியோடு ஒளிகிறேன்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். அந்தப் பையனுக்கு எப்போது சாப்பாடு, எப்போது ஊசி, எப்போது தூக்கம் என்று எல்லாவற்றையும் வேறு யாரோ சொல்கிறார்கள். டாக்டரை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சிஸ்டரை வேண்டாம் என்று சொல்ல முடியாது. பெத்த அம்மாவே கையைப் பிடித்து அழுத்திக்கொள்கிறாள். என் ஒருத்தனைத்தான் 'இறங்குங்க' என்று சொல்ல முடியும். சொன்னால் இறங்கிவிட வேண்டும். 'ஏன் கண்ணு, கொஞ்ச நேரம் விளையாடலாமே' என்று கொஞ்சக் கூடாது. ஒரு பாப்பா மூன்று செவ்வாய்க்கிழமை தொடர்ந்து என்னை இறக்கிவிட்டது. நான்காம் வாரம் தானாகவே 'உக்காருங்க' என்றது.

தாளவாடிப் பாப்பா என்று எழுதியிருந்தீர்களே, எங்கள் வார்டிலும் ஒன்று இருந்தது. பாதி கன்னடம் பாதி தமிழ். பண்ணாரியோடு பஸ் திரும்புவது அதற்குப் பிடிக்கவில்லை, அவர்கள் ஊர் அதற்கும் மேலே. பண்ணாரி தாண்டினால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறுவோம். ஒரு நாள் கையில் புது லைன் போட சிஸ்டர் வந்தார். அழுகைக்கு நடுவில் அதுவே 'வண்டி எடுங்க' என்றது. முதல் வளைவில் தைலம் மாதிரி ஏதோ தடவினார்கள். ஏழில் ஊசி. ஒன்பதில் ஒரு அலறல், வண்டி நின்றது. அதுவே இரண்டு தட்டு தட்டியது. இருபத்தொன்றில் பிளாஸ்டர் ஒட்டியாயிற்று. மீதி ஆறு வளைவை முடிக்காமல் சிஸ்டரைப் போக விடவில்லை. அதற்கப்புறம் லைன் போட வருகிற எல்லாருமே 'எத்தனாவது வளைவு?' என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

தப்பும் நிறையச் செய்தேன். 'வலிக்காது' என்று ஒரு பையனிடம் சொன்னேன். வலித்தது. அப்புறம் நான் சொல்வதை அவன் நம்ப ஒரு மாதம் ஆனது. இப்போது 'வலிக்கும், சீக்கிரம் முடியும்' என்று சிஸ்டர் சொல்வதையே நானும் சொல்கிறேன். 'அடுத்த செவ்வாய் வர்றேன் சாமி' என்று சொல்லிவிட்டு, மச்சினன் வீட்டுச் சீர் என்று போகாமல் விட்டேன். சனிக்கிழமை போனால் அம்மாக்காரி சொன்னார், 'மூணு மணியில இருந்து ஸ்டூல்ல யாரையும் உக்கார விடலீங்க.' கண்டக்டராக இருந்தபோது பத்து நிமிஷம் லேட்டானால் பயணிகள் திட்டுவார்கள், காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். அது திட்டக்கூட இல்லை. இப்போது போக முடியாவிட்டால் வார்டுக்குப் போன் செய்து, குழந்தையிடம் சொல்லச் சொல்கிறேன். வாரா வாரம் வர முடியாது என்றால் மாதம் ஒரு முறை என்றே சொல்லிச் சேருங்கள், தப்பில்லை.

பெரியவர்களிடம் பேசுவது இன்னும் கஷ்டம். 'எந்த ஊருங்க' என்று தொடங்குவதுதான் நம் பக்கத்து வழக்கம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊருக்குள்ளே எந்த வீதி, யார் வீட்டுப் பக்கம் என்கிற அடுத்த கேள்வி எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். என்ன நோய், எத்தனாவது ஸ்டேஜ் என்றும் கேட்காதீர்கள். எனக்கு ஸ்டேஜ் என்றால் டிக்கெட் விலை மாறுகிற இடம் மட்டும்தான் தெரியும், அதுவே போதும். அப்பாக்கள் வார்டுக்குள் ரொம்ப நேரம் நிற்க மாட்டார்கள். எதிர்த்த டீக்கடையில் இருப்பார்கள். பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் உரிக்கிறவர், இங்கே நிற்கிற ஒவ்வொரு நாளும் கூலி போச்சு. நான் மழையைப் பற்றிப் பேசுவேன். 'உங்க பக்கம் பேஞ்சுதுங்களா?' அதற்கு மேல் அவர்களாகப் பேசினால் உண்டு.

பண்ணாரி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தக் கோவிலில் திருநீறு கிடையாது, புற்றுமண்தான் பிரசாதம். ஒரு ஆத்தா பேரனுக்கு நெற்றியில் வைக்க மடியில் முடிந்துகொண்டு வந்துவிட்டார். கவுண்ட் இறங்கிய பையன். சிஸ்டர் 'மண்ணு ஆகாதுங்க ஆத்தா' என்கிறார், ஆத்தா 'அம்மன் மண்ணு என்ன பண்ணும்' என்கிறார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணி. கடைசியில் இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு ஒட்டி, வெளியே லாக்கரில் வைத்தோம். 'டிஸ்சார்ஜ் அன்னிக்கு டாக்டரைக் கேட்டுட்டு வெச்சு விடலாங்க' என்று நான்தான் சமாதானம் சொன்னேன். நம்பிக்கையைப் பற்றி அங்கே பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது.

நீளமாகிவிட்டது. அழுகைக்கு அப்புறம் வருகிறேன்.

---

தாராபுரம் அம்மா:

நான் கட்டிலின் இந்தப் பக்கம் இருந்தவள். பையனுக்கு நாலு வயதில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். இரண்டரை வருஷத்துக்கு மேல் வைத்தியம். போன வருஷம் மாத்திரை நிறுத்தியாச்சு. இப்போது பள்ளிக்கூடம் போகிறான், வாத்தியாரிடம் அடியும்... இல்லை, திட்டும் வாங்குகிறான்.

கேக் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். ஒரு குழு வந்தது, பேர் சொல்ல விருப்பமில்லை. பேனர், தொப்பி, மெழுகுவர்த்தி. முதுகு ஊசி போட்டுவிட்டு அசையாமல் படுத்திரு என்று சொல்லியிருந்தார்கள், அவனைத் தூக்கி உட்காரவைத்து கையில் கத்தி கொடுத்துப் படம் எடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. இத்தனை பேர் செலவு செய்து வந்திருக்கிறார்களே என்று. சாயங்காலம் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி தாராபுரத்துக்கே வந்துவிட்டது. மாமியார் வீட்டில் பாதிப் பேருக்கு அதுவரை நாங்கள் சொல்லவே இல்லை. அன்று ராத்திரி பூரா போன். 'நம்ம குடும்பத்துல யாருக்குமே இல்லியே, எப்படி வந்துச்சு?' பப்பாளி இலைச் சாறு கொடு, கழுதைப் பால் கொடு என்று ஆளுக்கொரு வைத்தியம் வேறு.

உதவி என்று நான் சொல்வது வேறு ஒரு அக்காவை. வியாழக்கிழமை வருவார். வந்ததும் 'சாப்டீங்களா' என்று கேட்கமாட்டார். 'நான் நாலு மணி வரைக்கும் இங்க இருக்கேன்' என்பார். அவ்வளவுதான். நான் குளித்து, துணி துவைத்து, கீழே போய் சூடாக ஒரு வாய் சாப்பிட்டு, பஸ் சத்தம் கேட்கிற மாதிரி ரோட்டோரம் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வருவேன். ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிற வாரத்தில் இவனுக்குப் பசி அடங்கவே அடங்காது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி 'அரிசியும் பருப்புஞ் சோறு வேணும்' என்பான், கொண்டுவருவதற்குள் கட்டிலை உதைப்பான். பிள்ளை குணமே மாறிப்போச்சே என்று நான் பயந்தேன். 'டாக்டரிடம் கேட்டுக்கோங்க' என்று தள்ளிவிட்டதே அந்த அக்காதான். அது மாத்திரையின் வேலை, நிறுத்தினால் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அவராக வைத்தியம் எதுவும் சொல்லமாட்டார், 'இதை டாக்டர்கிட்ட கேளுங்க' என்று ஒரு சீட்டில் எழுதித் தருவார். ரவுண்ட்ஸ் வரும்போது என்ன கேட்பது என்றே எனக்கு மறந்துவிடும், அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் கேட்பேன்.

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள் இருக்கணும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். எங்கள் ரேஷன் கார்டில் சின்னவன் பேரையே சேர்க்காமல் விட்டிருந்தோம். என் வீட்டுக்காரர் தாராபுரத்துக்கும் கோயம்புத்தூருக்கும் எத்தனை தடவை அலைந்தார் என்று கணக்கே இல்லை. உங்களுக்கு கம்ப்யூட்டர் வேலை என்கிறீர்கள். இ-சேவையில் என்ன பேப்பர் வேண்டும், பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் எங்கே திருத்துவது, இதையெல்லாம் பொறுமையாகச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் பொம்மையை விடப் பெரிய விஷயம்.

இன்னொன்று. எனக்கு மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள், அப்போது ஒன்பது வயது. அம்முச்சி வீட்டில் விட்டிருந்தோம். வருகிறவர் எல்லாரும் தம்பி எப்படி இருக்கான் என்றுதான் அவளைக் கேட்பார்கள். லீவில் வந்தபோது அந்த அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு போய் வராந்தாவில் தாயம் விளையாடினார். தம்பி பேச்சே எடுக்கவில்லையாம். ஆட்டத்தின் நடுவில் அவளாகவே 'நான் அவனை அடிச்சதால வந்துச்சா?' என்று கேட்டிருக்கிறாள். ஆறு மாதமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். நான் பெற்றவள், எனக்குத் தெரியவில்லை.

---

மஞ்சள் மார்க்கெட்:

ஈரோட்டிலிருந்து. வார்டுக்குள் போய் உட்காருகிற தைரியம் எனக்கு இல்லை, அதனால் பிளேட்லெட் (ரத்தத்தில் இருக்கிற தட்டணு) கொடுக்கிறேன். பலருக்கு இது தெரியாது. ரத்தம் மாதிரி மாதக் கணக்கில் இடைவெளி வேண்டாம். 48 மணி நேரம் போனால் மறுபடி கொடுக்கலாம், ஆனால் வாரத்துக்கு இரண்டுக்கு மேல் கூடாது, வருஷத்துக்கு 24. ஒரு கையில் எடுத்து மெஷினில் பிரித்து மீதியை உள்ளேயே விட்டுவிடுவார்கள். ஒன்றரை மணி நேரம் போல ஆகும். பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, ஃபிரிட்ஜிலும் வைக்க முடியாது. அதனால்தான் தீபாவளி, பொங்கல் லீவில் தட்டுப்பாடு வருகிறது. மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டிருந்தால் போகவேண்டாம், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நோம்பி சமயத்தில் ரத்த வங்கியிலிருந்து எனக்கு போன் வந்தால் எங்கள் வீட்டில் இப்போது கோவித்துக்கொள்வதில்லை.

---

கீரணத்தம் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. பிறந்தநாள் யோசனையைக் கைவிட்டாச்சு. தாராபுரம் அக்கா, அந்தப் படம் விஷயம் படித்துவிட்டு, நானும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. இ-சேவை வேலை எனக்கு நன்றாக வரும். வீட்டில் எல்லாருக்கும் நான்தான் செய்து தருகிறேன். ஒரு ஆஸ்பத்திரியில் விண்ணப்பம் கேட்டிருக்கிறேன். சின்னம்மை எனக்கு வந்ததா என்று அம்மாவைக் கேட்டால் 'உனக்கா, உங்க அக்காவுக்கா' என்று அவருக்கே குழப்பம், டாக்டரிடம் கேட்டுத் தடுப்பூசி போட்டுக்கொள்ளப் போகிறேன்.

கண்டக்டர் ஐயா, அழுகைக்கு வருகிறேன் என்றீர்களே?

---

நைட் டூட்டி:

தடுப்பூசி போட்டதும் மறுநாளே வார்டுக்கு ஓடி வந்துவிடாதீர்கள். அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தது. எத்தனை நாள் கழித்து வரலாம் என்று அந்த ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

---

டிக்கெட் டிக்கெட்:

வந்தேன் அம்மிணி. இரண்டு நாளாக இதை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை போனேன். புளியம்பட்டிக் கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தது. கவர் இல்லை, டிக்கெட் கட்டு இல்லை. வீட்டுக்குப் போய்விட்டானா என்று யாரையும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது, மற்ற கட்டிலில் இருப்பவர்கள் காது எல்லாம் நம் மேல்தான் இருக்கும். சிஸ்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்கு நான் வண்டி எடுக்கவில்லை. காந்திபுரம் போய், சத்தி பஸ் ஒன்று நின்றிருந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். டிக்கெட் கேட்டு வந்த பையன் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான். அன்னூர் வரை அழுதேன். அங்கே இறங்கி டீ குடித்துவிட்டு, திரும்பி வருகிற வண்டிக்கு டிக்கெட் எடுத்தேன். போன வண்டிக்கும் சேர்த்து.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் போனேன். அன்னூர்க் கட்டில் பாப்பா 'புளியம்பட்டி நிக்குமா?' என்று கேட்டது. பாப்பாவின் அம்மா கவனித்துக்கொண்டிருந்தார். 'நீங்கதான கண்டக்டர், நீங்க சொல்லுங்க' என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு தட்டு தட்டியது. நின்றோம். அப்புறம் இரண்டு தட்டு.

நீங்கள் லாயக்கா என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அழுகிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், இருக்கிறார்கள். அழாதவர்கள் சிலர் மூன்று வாரத்தில் நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன். குழந்தை எதிரில் வந்துவிட்டால் 'எனக்கு தண்ணி குடிக்கணும், வந்தர்றேன்' என்று சொல்லி எழுந்து போங்கள். போய்விட்டுக் கட்டாயம் திரும்பி வாங்க, அது முக்கியம். எங்கள் வார்டில் மருந்து ரூமுக்குப் பக்கத்தில் ஒரு மாடிப்படி இருக்கிறது, சிஸ்டர்களே அங்கேதான் போவார்கள். நீங்கள் சேருகிற இடத்திலும் ஒன்று இருக்கும், கேட்டால் காட்டுவார்கள்.

எங்கள் இடத்துக்கே விண்ணப்பம் போட்டிருந்தால், கீரணத்தம் போக நீங்கள் சரவணம்பட்டியில் இறங்கணும். மூன்றாம் கட்டில். இப்போது அங்கே இருக்கிற கண்டக்டருக்கு ஆறு வயது, ரொம்பக் கறார். நூறு ரூபாய் நோட்டு நீட்டினால் இறக்கி விட்டுவிடுகிறார். சில்லறையோடு வாங்க.